மார்னர் போயிட்டார்: பிழை ஆரில? டுபாஸ், ஷனஹான், ட்ரெலிவிங்?

நீலவெள்ளை_67
2025 ஜூலை 2, இரவு 10:14

கனடா டே முடிஞ்சுது, வாணவேடிக்கையும் பாத்தாச்சு, மனசு மட்டும் ஆறேல்லை, அதால இந்த இழையைத் தொடங்குறன். எங்கட ரொறன்ரோ லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி ரீமின்ர ஸ்டார் மிச் மார்னர் வேகஸ் ரீமுக்குப் போயிட்டார். 8 வருசம், வருசத்துக்கு 12 மில்லியன் டொலர். எங்கட கைக்கு வந்தது நிக்கோலா ரோய் எண்ட ஒராள். 2015 டிராஃப்டில (புதுப் பொடியளை ரீமுகள் மாறி மாறித் தெரிவு செய்யிறது) நாலாவதா எடுத்த பொடியன், 9 சீசன் விளையாடி கோலும் பாஸுமா 741 பொயின்ற் எடுத்துத் தந்தவர், அவருக்கு ஈடா ஒரு மூண்டாம் வரிசை சென்ரர்.

எல்லாரும் ஜிஎம் ட்ரெலிவிங்கைப் போட்டுத் தாளிக்கினம். எனக்கு அவரில கோவம் இல்லை. இந்தக் கதை முடிஞ்சது நேற்று இல்லை, 2023 மே மாசத்தில ஒரு கிழமைக்குள்ள முடிஞ்சது எண்டுதான் நான் சொல்லுவன். மே 12 பிளேஓஃபில ஃபுளோரிடாவிட்டத் தோத்தம். மே 15 அப்ப ஜிஎம்மா இருந்த டுபாஸ் பேட்டி குடுத்து, குடும்பம் களைச்சுப் போச்சு, இருப்பனோ தெரியேல்லை எண்டார். மே 19 ஷனஹான் அவரை வீட்டை அனுப்பினார். மே 31 ட்ரெலிவிங் வந்தார். ஜூலை 1 எங்கட மற்ற ஸ்டார் மத்தியூஸுக்கும் மார்னருக்கும் நோ மூவ் உரிமை தொடங்கீட்டுது, அதுக்குப் பிறகு அவை ஓம் எண்டாமல் எங்கயும் அனுப்பேலாது. புதுசா வந்த மனிசனுக்குக் கிடைச்சது சரியா ஒரு மாசம். அதுக்குள்ள ஆரை வச்சிருக்கிறது ஆரை விக்கிறது எண்டு அந்தாள் என்னத்தை முடிவெடுக்கிறது, ஒஃபிஸில வோஷ்ரூம் எங்க எண்டு தெரியவே ஒரு கிழமை வேணும்.

கோவைக்காரன்_பிராம்டன்
2025 ஜூலை 2, இரவு 10:31

அண்ணா தப்பா எடுத்துக்காதீங்க, நான் கனடா வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, ஆஃபீஸ்ல எல்லாரும் பேசுறாங்கன்னு போன சீசன்லதான் ஹாக்கி பாக்க ஆரம்பிச்சேன். ஜிஎம்னா கோச்சா? இல்ல ஓனரா? ஷனஹான்னு வேற ஒருத்தர் சொல்றீங்க, அவர் யாரு? யார் யாருக்கு மேலன்னே புரியல.

கேப்_கணக்கு
2025 ஜூலை 2, இரவு 10:48

கோவை, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். சிஎஸ்கே எடுத்துக்கோங்க. ஃபிளெமிங் கோச். ஜிஎம் வேலை கிட்டத்தட்ட காசி விஸ்வநாதன் பாக்கற வேலை மாதிரி, ஆனா இங்க ஏலம் கிடையாது, வருஷம் பூரா ட்ரேட், காண்ட்ராக்ட், டிராஃப்ட்னு போயிட்டே இருக்கும். யார் டீம்ல இருக்கணும், எவ்ளோ சம்பளம், எத்தன வருஷம், கோச்ச வைக்கலாமா தூக்கலாமா, எல்லாம் ஜிஎம். அவருக்கு மேல பிரசிடென்ட்னு ஒரு நாற்காலி, அதுலதான் ஷனஹான் 2014 ஏப்ரல்லேர்ந்து உக்காந்திருந்தார், இந்த மே 22ஆம் தேதி காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டோம்னு அனுப்பிட்டாங்க. அவருக்கும் மேல, டீம வெச்சிருக்கற எம்எல்எஸ்இ கம்பெனியோட தலைவர் கீத் பெல்லி. அதுக்கு மேல முதலாளிங்க.

முக்கியமான விஷயம் கேப். ஒரு டீம் இவ்ளோதான் சம்பளம் குடுக்கலாம்னு லீக் ஒரு கூரை போட்டிருக்கு, வரப்போற சீசனுக்கு 95.5 மில்லியன். காசு கொட்டிக் கெடந்தாலும் பொதுவா அதுக்கு மேல போக முடியாது. அதனால ஜிஎம்மோட திறமைன்னா நல்ல ஆள கண்டுபிடிக்கறது மட்டும் இல்ல, நல்ல ஆள மலிவா கையெழுத்து போட வைக்கறது.

இப்ப நீலவெள்ளைக்கு வரேன். பாஸ், அந்த நோ மூவ் உரிமைய எழுதிக் குடுத்ததே டுபாஸ்தானே? அத ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?

நீலவெள்ளை_67
2025 ஜூலை 2, இரவு 10:55

ஓம் அவர்தான். ஆனா அந்தளவு பெரிய ஸ்டாருக்கு எந்த ரீமும் குடுக்கிறதுதான் உது.

கேப்_கணக்கு
2025 ஜூலை 2, இரவு 11:20

குடுக்கறாங்க, சரி. ஆனா அதுக்கு பதிலா என்ன வாங்கிக்கறாங்கன்னு பாருங்க. பாஸ்டன்ல பாஸ்டர்னாக் 2017ல 6 வருஷத்துக்கு 6.67 மில்லியன்ல கையெழுத்து போட்டார். கொலராடோல மெக்கின்னன் 7 வருஷம் 6.3. டாம்பால குச்சராவ் 8 வருஷம் 9.5. எல்லாரும் நீண்ட காலம், கம்மி காசு. நம்ம டுபாஸ் என்ன பண்ணார்? 2018 ஜூலை 1ஆம் தேதி டவாரெஸ வெளிலேர்ந்து 11 மில்லியனுக்கு கூட்டிட்டு வந்தார், 7 வருஷம் 77 மில்லியன். அத பாத்த நம்ம வீட்டுப் பசங்க சும்மா இருப்பாங்களா? நைலாண்டர் டிசம்பர் 1ஆம் தேதி சாயங்காலம் 5 மணி கெடு வரைக்கும் இழுத்தார், அந்த கெடு தாண்டிருந்தா அந்த சீசனே ஆட முடியாது. மேத்யூஸ் 5 வருஷம் மட்டும், 11.63. எட்டு வருஷம் போட்டிருக்கலாம்ல. மார்னர் 2019 செப்டம்பர்ல 10.9, ஆறு வருஷம்.

நாலு பேரையும் கூட்டுங்க, 40 மில்லியன் தாண்டுது. அப்ப கேப் 81.5. பாதி காசு நாலு பேருக்கு, மிச்ச பாதில 19 பேர், கோலி உட்பட. ஒரு குடும்பத்துல மூத்த மாப்பிள்ளைக்கு நூறு பவுன் போட்டா மத்த மாப்பிள்ளைங்க முப்பதுக்கு சரின்னு சொல்வாங்களா?

அதுக்கப்பறம் கோவிட் வந்து கேப் மூணு சீசன் அதே 81.5லயே நின்னுடுச்சு. அது அவர் துரதிர்ஷ்டம், ஒத்துக்கறேன். ஏறும்னு நம்பி எல்லாத்தையும் பந்தயம் கட்டினது துரதிர்ஷ்டம் இல்ல.

பனிச்சறுக்கி
2025 ஜூலை 2, இரவு 11:37

கணக்கண்ணா, நூறு பவுன் கதை சூப்பர் 😂 ஆனா டுபாஸுக்கு முதல் இருந்தவர் விட்டிட்டுப் போன குப்பையையும் எண்ணுங்கோ. லூ லாமொரெல்லோ 2017இல பற்றிக் மார்லோவுக்கு 3 வருசம் 6.25 மில்லியன் குடுத்தவர், அந்தாளுக்கு அப்பவே 37 வயசு. ஸைட்செவுக்கு 7 வருசம். பேந்து மார்னருக்குக் காசு இல்லையெண்டு டுபாஸ் மார்லோவைக் கரோலினாவுக்குத் தள்ளவேண்டி வந்தது, அந்தச் சம்பளத்தை அவை எடுக்கிறதுக்காக எங்கட 2020 முதல் சுற்று பிக்கையும் (டிராஃப்டில ஆள் எடுக்கிற எங்கட முறை) சேர்த்துக் குடுத்தது. கரோலினா அந்தப் பிக்கில எடுத்த ஆள் ஆர் தெரியுமோ? செத் ஜாவிஸ். இப்ப அவரைப் பாக்கேக்க எனக்கு வயிறு எரியும்.

ஒரு ஜிஎம் போட்ட கையெழுத்தை அடுத்த ஜிஎம்தான் கட்டி முடிக்கிறது. லூ விட்ட பிழைக்கு டுபாஸ் கட்டினார், டுபாஸ் விட்டதுக்கு ட்ரெலிவிங் கட்டுறார். ட்ரெலிவிங் இப்ப விடுறதுக்கு ஆர் கட்டப் போகினமோ. மார்ச்சில கார்லோ எண்ட வீரருக்காக 2026 முதல் சுற்றும் ஃப்ரேசர் மின்ரனும், லோட்டனுக்காக 2027 முதல் சுற்றும் போட்டுது. ரெண்டு வருசத்துப் பிக்கும் அவுட்.

மார்க்கம்_மாமா
2025 ஜூலை 3, காலை 6:05

பிள்ளையள், இரவிரவா அடிபட்டிருக்கிறியள் போல. நான் 80களின்ர கடைசியில இந்த நாட்டுக்கு வந்தனான். அப்ப ஹரல்ட் பலார்ட் எண்ட முதலாளி இருந்தவர். அவர் ரீமைக் கெடுத்த விதத்தைப் பாத்தால் ஷனஹான் எல்லாம் கடவுள். 90இல அவர் செத்தாப் பிறகுதான் ரீமுக்கு மூச்சு வந்தது. 91இல கிளிஃப் ஃபிளெச்சர் எண்ட மனிசன் வந்தார். வந்து ஆறு மாசத்தில, 92 ஜனவரி 2, கல்கரியோட 10 பேர் மாறுற ட்ரேட் ஒண்டு செய்து டக் கில்மோரைக் கொண்டந்தார். அடுத்த வருசமே லொஸ் ஏஞ்சலிஸோட ஏழாவது கேம் வரைக்கும் போனம். நான் அப்ப டோனட் கடையில இரவு வேலை, பின்னுக்குக் குட்டி ரேடியோவில கேட்டுக்கொண்டு மா குழைச்சனான். ஆறாவது கேமில கிரெட்ஸ்கியின்ர தடி கில்மோரின்ர முகத்தில பட்டதை ரெஃபரி காணேல்லை, அந்தக் கோவம் எனக்கு 32 வருசமா இருக்கு.

ஏன் சொல்லுறன் எண்டால், ஒரு ஜிஎம்மின்ர ஒரு நல்ல நாள் ஒரு தலைமுறையை ரசிகராக்கிப் போடும். ஒரு கெட்ட நாள் அதே மாதிரித்தான். 2006இல ஃபேர்கசன் ஜூனியர் ரூக்கா ராஸ்க்கை ரேக்ராஃப்டுக்காகப் பொஸ்டனுக்குக் குடுத்தார். 2009இல பிரையன் பேர்க் கெஸலுக்காக ரெண்டு முதல் சுற்றுப் பிக்கும் ஒரு ரெண்டாம் சுற்றும் பொஸ்டனுக்குக் குடுத்தார், அதில அவைக்குச் செகினும் டூகி ஹமில்டனும் வந்தினம். 2013இல ஏழாவது கேமில 4-1 எண்டு முன்னுக்கு நிண்டு, கடைசிப் பத்து நிமிசத்தில விட்டுப்போட்டு ஓவர்டைமில தோத்தமே, ஆரிட்ட? அதே பொஸ்டன், கோலில அதே ராஸ்க். செய்யிற ஜிஎம் அஞ்சு வருசத்தில போயிடுவார், நாங்கள்தானே இருந்து பாக்கிறது.

ஹாப்ஸ்_ரசிகை
2025 ஜூலை 3, காலை 8:22

மொன்றியலில இருந்து வணக்கம் 😇 சும்மா பாத்திட்டுப் போகலாமெண்டு வந்தனான். 2021இல 3-1 எண்டு முன்னுக்கு நிண்டு எங்களிட்டத் தோத்ததையும் பட்டியலில சேருங்கோ மாமா.

பகிடி விட்டிட்டுச் சொல்லுறன், எங்கட மாதிரி செய்து பாக்கலாம். 2021 கடைசியில எங்கட ஜிஎம் பேர்ஜெவினை அனுப்பினாப் பிறகு ஜெஃப் கோர்ட்டனை மேல வச்சு, 2022 ஜனவரியில கென்ட் ஹியூசை ஜிஎம்மா எடுத்தவை. கோர்ட்டன் முதல் ஜிஎம்மா இருந்து அடிபட்டு வந்த ஆள். ஹியூஸ் வீரர்களுக்கு ஏஜென்ட்டா இருந்தவர், அதால எதிர்ப் பக்கத்தில இருக்கிறவன் எப்ப பேக்காட்டுறான் எண்டு தெரியும். உங்கட ஷனஹான் விளையாடி மூண்டு ஸ்டான்லி கப் எடுத்தவர், லீக்கில சஸ்பென்சன் குடுக்கிற வேலை பாத்தவர், ஆனா ஒரு நாளும் ஜிஎம்மா இருந்ததில்லை. ஜிஎம் வேலை தெரியாத ஒராள் ஜிஎம்முக்கு மேல இருந்தால் என்ன நடக்கும்?

மற்றது ஒஃபர் ஷீட் பயம் எண்டதும் உண்மைதான், அதாவது ஒப்பந்தம் முடிஞ்ச இளம் வீரருக்கு வேற ரீம் சம்பளம் நீட்டும், சொந்த ரீம் அதே காசைக் குடுத்து மச் பண்ணலாம், இல்லாட்டி ஆளை விடவேணும். 2019இல பேர்ஜெவின் கரோலினாவின்ர அஹோவுக்கு ஒஃபர் ஷீட் போட்டவர், அவை மச் பண்ணீட்டினம். ரெண்டு வருசம் பொறுத்து கரோலினா எங்கட கொட்கனியெமிக்கு 6.1 மில்லியனுக்குப் போட்டு, அதில போனஸ் எண்டு வெறும் 20 டொலர் எழுதினவை. அஹோவின்ர ஜேர்சி நம்பர் 20. அந்தளவு வன்மம். அதே 2019 கோடையிலதான் மார்னருக்கும் ஆரும் போட்டிடுவினமோ எண்டு டுபாஸுக்குப் பயம் இருந்திருக்கும், அதால கொஞ்சம் கூடக் குடுத்திருப்பார் எண்டு நினைக்கிறன்.

நீலவெள்ளை_67
2025 ஜூலை 3, காலை 8:40

ரசிகை, எதிரி எண்டாலும் நியாயமாக் கதைக்கிறியள். நான் சொல்ல வந்ததும் உதுதான். ஷனஹானுக்குக் கீழ மூண்டு ஜிஎம் மாறிச்சினம். நொனிஸ் இருந்ததையும் சேத்தால் நாலு. அவர் காலத்தில புதுசா எடுத்த கோச் மூண்டு பேர். மாறாம இருந்தது ரெண்டு விசயம், ஒண்டு அவர், மற்றது அந்த நாலு பேர். 11 வருசத்தில ரெண்டே ரெண்டு சுற்று வெண்டது.

2023 மே 19 பேட்டியை நான் திருப்பித் திருப்பிப் பாத்தனான். அவரே சொன்ன கதை இது. டுபாஸை வச்சிருக்கத்தான் யோசிச்சிருந்தவராம். 15ஆம் திகதி பேட்டியைப் பாத்த உடன மனசில ஐமிச்சம். 18ஆம் திகதி டுபாஸின்ர ஏஜென்ட் காசுக் கணக்கைத் திருத்தி அனுப்பினார். அண்டிரவு டுபாஸ் எனக்கு இருக்க விருப்பம் எண்டு ஈமெயில் போட்டார். அடுத்த நாள் காலமை ஆள் அவுட். நாலு நாளில ஒரு ரீமின்ர அடுத்த அஞ்சு வருசத்தை மாத்தினது. திட்டம் போட்டு மாத்தியிருந்தால் பரவாயில்லை, மனம் நொந்து மாத்தினது. ட்ரெலிவிங்குக்கு அந்த ஜூன் டிராஃப்டில எங்கட மேசையில இருக்கக்கூட அனுமதி இல்லை, கல்கரியோட அப்பிடி ஒப்பந்தம். ஒரு மாசத்தில அதுவும் போச்சு.

கேப்_கணக்கு
2025 ஜூலை 3, மதியம் 12:10

லஞ்ச்ல எழுதறேன். ட்ரெலிவிங்குக்கு ஒரு மாசம் பத்தாதுன்னு சொல்றது சரி, அத மறுக்கல. ஆனா பிட்ஸ்பர்க் என்ன பண்ணுச்சு பாருங்க, டுபாஸுக்கு வேலை போன ரெண்டு வாரத்துல, ஜூன் 1ஆம் தேதி, அவர பிரசிடென்ட்டாவே எடுத்துக்கிச்சு. டொராண்டோ இல்லன்னா எங்கயும் போக மாட்டேன்னு சொன்ன மனுஷன். அங்க போயி ரெண்டு சீசன், ரெண்டுலயும் பிளேஆஃப் இல்ல. அதுக்காக அவர் மோசம்னு சொல்லல, கிழவங்க டீம் அது. ஆனா இவர வெச்சிருந்தா கப் வந்திருக்கும்னு மட்டும் சொல்லாதீங்க.

பனிச்சறுக்கி
2025 ஜூலை 3, பின்னேரம் 5:45

ஒருத்தரும் மார்னரின்ர பக்கத்தில இருந்து கதைக்கேல்லை. நான் கிழமையில ரெண்டு நாள் சின்னப் பிள்ளையளுக்கு ஸ்கேட்டிங் பழக்கிறனான், அதால இது எனக்கு உறைக்கும். 2017 தொடக்கத்தில, மார்னரின்ர முதல் சீசன், 19 வயசு. கோச் பாப்காக் அவரிட்ட, ரீமில ஆர் கூடக் கஷ்டப்பட்டு உழைக்கினம் ஆர் குறைய எண்டு வரிசைப்படுத்தி எழுதித் தா எண்டவர். பொடியன் எழுதிக் குடுத்தது. பாப்காக் அதைக் கொண்டுபோய்க் கீழ பேர் இருந்த ஆக்களுக்கே சொல்லிப்போட்டார். அந்தப் பிள்ளை அடுத்த நாள் எந்த முகத்தோட டிரெசிங் ரூமுக்குள்ள போயிருக்கும்?

இது வெளியில வந்தது 2019 நவம்பரில, பாப்காக்கை அனுப்பினாப் பிறகு. அந்த மனிசனுக்கு 8 வருசம் 50 மில்லியன் எண்டு குடுத்துக் கூட்டிவந்தது இதே தலைமைதான். பேந்து அதே பிள்ளையிட்டப் போய், ரொறன்ரோவுக்காகக் கொஞ்சம் குறைய எடு ராசா எண்டு கேட்டால் எடுப்பானோ? இந்த மார்ச்சில கரோலினாவின்ர ரன்ரனெனுக்காக நோ மூவை விடச்சொல்லிக் கேட்டவை எண்டு செய்தி வந்தது, அவர் மாட்டன் எண்டிட்டார். மனிசிக்குப் பிள்ளை பிறக்கிற நேரம். பிளேஓஃபில அவர் காணாமல் போறவர் எண்டு சொல்லுங்கோ, நானும் சொல்லுவன். ஆனா காசுப்பேய் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

கோவைக்காரன்_பிராம்டன்
2025 ஜூலை 3, இரவு 7:02

அக்கா அந்த லிஸ்ட் மேட்டர் படிச்சதும் எங்க பழைய மேனேஜர் ஞாபகம் வந்துருச்சு, அவரும் அதே வேலைதான் பண்ணாரு, நான் மாட்டிக்கல, என் ஃப்ரெண்டு மாட்டிக்கிட்டான் 😅

சரி ஒரு டவுட். ஃபுளோரிடா மட்டும் எப்படி ரெண்டு வருஷம் தொடர்ந்து கப் அடிக்கிறாங்க? அவங்களுக்கும் அதே கேப்தானே? அங்க வருமான வரி இல்லன்னு ஆஃபீஸ்ல சொல்றாங்க, அதனாலயா?

கேப்_கணக்கு
2025 ஜூலை 3, இரவு 7:30

மாநில வரி இல்லங்கறது உதவும், அதே காசு கைல அதிகமா நிக்கும். ஆனா அது மட்டும்னா ஃபுளோரிடா முப்பது வருஷமா கப் அடிச்சிருக்கணும், அடிக்கல. பில் ஸீட்டோ 2020 செப்டம்பர்ல ஜிஎம்மா வந்தார். அவர் சேத்த ஆளுங்கள பாருங்க. ஃபோர்ஸ்லிங், கரோலினா வெய்வர்ஸ்ல, அதாவது வேணும்கறவங்க எடுத்துக்கலாம்னு, போட்டப்போ சும்மா எடுத்தது, இப்ப லீக்லயே சிறந்த டிஃபென்ஸ்மேன்கள்ல ஒருத்தர். வெர்ஹேகி, டாம்பா வேணாம்னு விட்டது. அதுக்கு முன்னாடி அவர டிராஃப்ட் பண்ணது யாருன்னு கேளுங்க. 2013ல, மூணாவது ரவுண்டு. நாமதான். 2015ல ஐலாண்டர்ஸுக்கு ஒரு மூட்டையோட மூட்டையா அனுப்பிட்டோம்.

அப்பறம் இதுதான் உச்சம். சாம் பென்னட், இந்த வருஷ பிளேஆஃப் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினவர், அவர 2021 ஏப்ரல்ல ஒரு ரெண்டாவது ரவுண்டு பிக்குக்கும் ஒரு சின்னப் பையனுக்கும் ஃபுளோரிடாவுக்கு குடுத்தது யாரு? அப்ப கல்கரி ஜிஎம். மேத்யூ கச்சக்க 2022ல ஃபுளோரிடாவுக்கு குடுத்தது? அதே கல்கரி ஜிஎம். பேரு பிராட் ட்ரெலிவிங்.

கோவைக்காரன்_பிராம்டன்
2025 ஜூலை 3, இரவு 7:33

யோவ் நிஜமாவா??? அப்ப நம்மள தோக்கடிச்ச டீம கட்டிக் குடுத்ததே நம்ம ஜிஎம்மா

ஹாப்ஸ்_ரசிகை
2025 ஜூலை 3, இரவு 7:35

வரவேற்கிறம் தம்பி. இனி நீ உண்மையான லீஃப்ஸ் ரசிகன்.

மார்க்கம்_மாமா
2025 ஜூலை 3, இரவு 9:18

கச்சக் கதையில ட்ரெலிவிங்கைக் குற்றம் சொல்லேலாது. அந்தப் பொடியன் நீண்ட கால ஒப்பந்தம் போடமாட்டன் எண்டு சொல்லீட்டுது, கல்கரியின்ர மற்ற ஸ்டார் கோட்ரோ ஏற்கனவே, ரீமுக்கு ஈடா ஒண்டும் கிடைக்காமல், கொலம்பஸுக்குப் போயிட்டார். அந்த நிலைமையில ஹூபர்டோவையும் வீகரையும் ஒரு முதல் சுற்றையும் எடுத்தது கெட்டித்தனம் எண்டுதான் அப்ப எல்லாரும் எழுதினவை. பேந்து ஹூபர்டோவுக்கு 8 வருசம் 84 மில்லியன் குடுத்தது வேற கதை.

ஆனா ஒண்டைக் கவனியுங்கோ. கோட்ரோ சும்மா போன வலி தெரிஞ்ச மனிசன்தான் மார்னரையும் சும்மா விடாமல் ஒரு ரோயையாவது வாங்கினவர். ஒரு நாள் பொறுத்திருந்தால் அதுவும் இல்லை. டவாரெஸ் 11இல இருந்து 4.4க்கு இறங்கித் திரும்பக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இளம் வீரர் நைஸுக்கு 6 வருசம் 7.75. இது பிழையான கணக்கு இல்லை.

எனக்குப் பயம் வேற இடத்தில. ஷனஹானின்ர கதிரைக்கு இனி ஆரையும் போடமாட்டம் எண்டு பெல்லி சொல்லீட்டார். மார்னர் போன அதே ஜூலை 1தான் ரொஜர்ஸ் கம்பனி, எம்எல்எஸ்இயில பெல் கம்பனிக்கு இருந்த 37.5 வீதத்தையும் வாங்கி முடிச்சு 75 வீதக்காரர் ஆனது. அப்ப ட்ரெலிவிங்குக்கும் முதலாளிக்கும் நடுவில ஹொக்கி தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை. பலார்டைப் பாத்த கண்ணுக்கு உது கொஞ்சம் உறுத்தும். ஷனஹானில நூறு பிழை இருக்கலாம், ஆனா 2015-16இல ரீம் கடைசியா வந்து சனம் கத்தேக்க, முதலாளியளைப் பொறுமையா இருக்கச் சொல்லி மறிச்சவர் அவர்தான். அதாலதான் மத்தியூஸ் வந்தது.

நீலவெள்ளை_67
2025 ஜூலை 3, இரவு 9:50

மாமா, அந்தக் கடைசி விசயம் நான் யோசிக்கேல்லை. 2023 மேயில டுபாஸ் கேட்டதும் உந்த இடத்தைத்தான் போல, தனக்கும் முதலாளிக்கும் நடுவில ஆள் வேண்டாம் எண்டு. இப்ப ட்ரெலிவிங்குக்கு அது கேக்காமலே கிடைச்சிருக்கு. இனி ஷனஹானைச் சாட்டேலாது. பிழை விட்டால் நேர அவரின்ர தலையில.

இந்த மே மாசம் ஃபுளோரிடாவோட ஏழாவது கேமுக்கு நான் உள்ள இருந்தனான். தம்பியும் நானும் ரெண்டு பேர், ரிக்கெற் விலையைச் சொன்னால் மனிசி இதை வாசிப்பா. 6-1 எண்டு தோத்தம். அஞ்சாவது கேமும் இங்க அதே 6-1. மூண்டாம் பீரியட்டில சனம் ஜேர்சியைக் கழட்டி ஐஸில எறிஞ்சவை. தம்பி என்ர கையைப் பிடிச்சு நீயும் எறியாத அண்ணா, அது அப்பா வாங்கித் தந்தது எண்டான். மார்னரின்ர 16ஆம் நம்பர். இப்ப அலுமாரிக்குள்ள கிடக்கு.

கோவைக்காரன்_பிராம்டன்
2025 ஜூலை 3, இரவு 10:06

அண்ணா அத தூக்கிப் போட்றாதீங்க. அப்பறம் இந்த ராய் எப்படி ஆடுவாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அக்டோபர்ல ஆஃபீஸ்ல ரெண்டு வார்த்தை பேசணும்.

மார்க்கம்_மாமா
2025 ஜூலை 3, இரவு 10:15

ராய் இல்லை தம்பி, ரோய், இல்லாட்டி எங்கட மொன்றியல் பிள்ளை சொல்லுற மாதிரி ருவா. 6 அடி 4, ஃபேஸ்ஓஃப் (ஆட்டம் தொடங்கேக்க பக்கைப் பறிக்கிறது) எடுப்பார், பெனல்டியில ஆள் குறைஞ்ச நேரம் மறிச்சு விளையாடுவார், 2023இல வேகஸோட கப் எடுத்தவர். கோல் பெரிசா அடிக்கமாட்டார். வருசத்துக்கு 3 மில்லியன்.

ஹாப்ஸ்_ரசிகை
2025 ஜூலை 3, இரவு 10:17

ருஆ மாமா, ருவா இல்லை. 😌